ஒட்டோ கியர்பொக்ஸ் பிரித்தால் ஸ்பிரிங்கையும் பாருங்கள்

ஏ9 வீதியில் ஓடும் ஒட்டோ கியர் வான்களுக்குக் கிளிநொச்சி, வவுனியா கராஜ்களில் கியர்பொக்ஸ் பிரித்துப் பூட்டும்போது, கிளச் பிளேட்டை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். ஒயில் அழுத்தம் விலகியதும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவது ரிட்டேன் ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் பிளேட் உரசிச் சூடேறிக் கருகும்.

● ஸ்பிரிங்குகளைத் தட்டையான இடத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையென்றாலும் முழு செட்டையும் மாற்றுங்கள்.

● கடின ஸ்பிரிங் போட்டால் கிளச் விரைவாக விடும்; அளவு மீறினால் பிடிமானம் குறைந்து வழுக்கும். உங்கள் கியர்பொக்ஸ் மாதிரிக்கு உரியதையே வாங்குங்கள்.

● ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் பூட்டு வளையத்தைக் கழற்றாதீர்கள்.

● புதிய பிளேட்டுகளை உரிய ஒயிலில் அரைமணி நேரம் ஊறவையுங்கள்.

● பூட்டியபின் காற்றழுத்தம் கொடுத்து நிறுத்தியதும், பிஸ்டன் முழுதாகத் திரும்புகிறதா எனப் பாருங்கள்.

ஸ்பிரிங் விலை சிறிது. மறுபடி கழற்றும் கூலி பெரிது.