போட்டிக்குக் கதை அனுப்புதல்

நண்பர்களிடம் கதையைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டால், காபி கொடுத்து உபசரித்த வீட்டில் குறை சொல்ல யாருக்கு மனம் வரும், 'பிரமாதம்' என்ற ஒரு வார்த்தையோடு விடைபெற்றுக்கொள்வார்கள். பத்திரிகைக்கு அனுப்பினாலோ, திரும்பி வருகிற பிரதியில் காரணம் எதுவும் எழுதியிருப்பதில்லை. ஆகவே என் எழுத்தின் தரத்தைத் தெரிந்துகொள்ளச் சிறுகதைப் போட்டிகளை ஒரு பரீட்சையாக வெகுகாலமாய்ப் பாவித்து வருகிறேன். பரிசு இரண்டாம் பட்சம்.

போட்டியின் முதல் உபகாரம் அதன் நிபந்தனைகளே. எட்டுப் பக்கத்துக்கு மிகாமல் என்று கண்டிருந்த ஓர் அறிவிப்புக்காக, அதைவிட நீண்டுவிட்ட கதையொன்றைக் குறைக்க நேர்ந்தது. சீராக வந்த பித்தளை அண்டாவை விற்கப் போகும் ஒரு தாயின் கதை அது. விடியற்காலம், வேப்பமரம், குளத்துப் படித்துறை என்று இரண்டு பக்கம் வர்ணித்த பிற்பாடுதான் அவள் பாத்திரக் கடைக்குள் நுழைந்தாள். பக்கக் கணக்கின் நிர்ப்பந்தத்தால் அவ்வளவையும் நீக்கிவிட்டு, கடைக்காரர் அண்டாவைத் தராசில் ஏற்றுமுன் அதில் வெட்டியிருக்கும் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிற இடத்தில் கதையைத் தொடங்கினேன். தொடங்கிய மாத்திரத்தில், அப்பெயர் யாருடையது என்று விளக்கி எழுதியிருந்த அரைப் பக்கமும் தானாகவே அநாவசியமாயிற்று.

முடிவு வெளியானதும், பரிசுக் கதையைப் படிக்காமலே நடுவரின் பட்சபாதத்தைப் பேசுவது நம்மவர்களிடையே ஒரு சம்பிரதாயம். (பட்சபாதமே கிடையாது என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன்.) பரிசுக் கதையையும் என் பிரதியையும் அருகருகே வைத்துக்கொண்டு, விஷயம் எந்த வாக்கியத்தில் தொடங்குகிறது, சம்பாஷணை கதையை நகர்த்துகிறதா அல்லது வெறுமே பேசிக்கொண்டிருக்கிறதா, முடிவு கதைக்குள்ளிருந்து வருகிறதா என்று பென்சிலால் குறித்துக்கொள்வது என் வழக்கம். நடுவர்களின் ரசனை ஒன்றுபோல் இராதாகையால், ஓரிடத்தில் தேறாத கதை வேறிடத்தில் தேறக்கூடும். ஒரு தீர்ப்பைக் கொண்டு கதையைக் கிழித்தெறிவதும் பிசகு, பல இடங்களில் தவறிய பின்னும் அதைத் தொடாமல் அனுப்பிக்கொண்டிருப்பதும் பிசகு.

போட்டிக்கு எழுதுவது இலக்கியமாகாது என்று முகஞ்சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் அகிலனின் 'பெண்' கலைமகள் பத்திரிகையின் நாவல் போட்டியில்தான் பரிசு பெற்றது. 1953-ல் ராஜம் கிருஷ்ணனின் 'பெண்குர'லுக்கும் கலைமகளே பரிசளித்தது. பிற்காலத்தில் அகிலன் நினைவாகவே நடந்த நாவல் போட்டியில், 1990-ல் ஜெயமோகனின் முதல் நாவலான 'ரப்பர்' பரிசு பெற்றது. வாரப் பத்திரிகைகள் இடந்தரத் தயங்கும் நீளத்துக்குக் கணையாழி இதழின் தி. ஜானகிராமன் நினைவுக் குறுநாவல் போட்டி ஒரு களம் அமைத்துக் கொடுத்தது.

புதிதாக அனுப்ப எண்ணும் அன்பர்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு தொகுப்பு நூலையும் நம் தலையிலேயே கட்டுகிற போட்டிகளை விலக்குவார்களாக. பெயரைக் கதைப் பக்கங்களில் எழுதாமல் தனித்தாளில் எழுதச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். முடிவு வரும்வரை அக்கதையை வேறெங்கும் அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்தப் போட்டியில் சென்ற ஆண்டு பரிசு பெற்ற கதைகளைத் தேடிப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடும்படி கேட்டுக்கொள்கிறேன்.