தலைமை யார் பக்கம் நிற்கிறது?
ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

ஒரு சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவுசெய்யக் கூடும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. யார் நன்றாகப் பேசுவார்? யார் படித்தவர்? யாருக்குக் கந்தோரில் ஆள் பழக்கம்? இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முன்னர் கேட்க வேண்டிய ஒன்றை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்: நெருக்கடி வரும்போது இவர் யார் பக்கம் நிற்பார்?

இக்கேள்விக்கு ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு விடையளித்தது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். பல்கலைக்கழகத்தின் கதை நமக்கெதற்கு என எண்ண வேண்டாம். காணியற்றவர்களும் போரினால் ஊரைவிட்டு ஓடியவர்களும் இக்கதையின் நடுவில் நிற்கிறார்கள்.

1. நாடும் காணியும்

மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சல்வடோர் ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மிகச் சிறிய நாடு. அங்கே பழங்குடிக் கிராமங்களுக்குப் பொதுக் காணிகள் இருந்தன. 1881, 1882ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் அப்பொதுக் காணி முறையை ஒழித்தன. அதன்பின் நல்ல நிலமெல்லாம் படிப்படியாகக் கோப்பித் தோட்டச் சொந்தக்காரர் சிலரின் கைக்குப் போயிற்று. நிலத்தை இழந்தவர்கள் அதே நிலத்தில் கோப்பி பறிக்கும் காலத்துக்கு மட்டும் கூலிகளானார்கள். 1932இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது இராணுவம் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அதன் பின்னர் காணி பற்றிப் பேசவே மக்கள் பயந்தார்கள்.

2. பல்கலைக்கழகம் பிறக்கிறது

1965இல் தலைநகர் சான் சல்வடோரில் இயேசு சபையினரின் பொறுப்பில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஹொசே சிமியோன் கானியாஸ் என்ற குருவின் பெயர் அதற்கு இடப்பட்டது. மத்திய அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்க வேண்டுமென்று 1823ஆம் ஆண்டு இறுதியில் அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர் அவர். சுருக்கமாக இப்பல்கலைக்கழகத்தை 'ஊக்கா' என்று அழைப்பார்கள்.

பெயர் அடிமைகளுக்காகப் பேசியவருடையது. ஆனால் பல்கலைக்கழகம் வேண்டுமென்று முன்னின்றவர்களுள் வசதிபடைத்த கத்தோலிக்கப் பெற்றோர் பலர் இருந்தனர். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடதுசாரிக் கருத்துகள் பரவுகின்றன, எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஓரிடம் வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். முதலாவது அதிபரான புளோரென்தீனோ இதுவாத்தே அடிகளார் இந்த நிலையிலேயே நிறுவனத்தைத் தொடக்கி வைத்தார்.

1969இல் லூயிஸ் அச்சாயிராந்தியோ அடிகளார் அதிபரானார். இக்காலத்தில் விரிவுரையாளர்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நாட்டின் பெரும்பான்மையோர் எழுத்தறிவில்லாத, காணியில்லாத கமக்காரர். அவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலுக்கே வரமுடியாது. அப்படியானால் நாம் யாருக்காக உழைக்கிறோம்?

அவர்கள் கண்ட விடை கவனிக்கத்தக்கது. ஏழைகள் எல்லோரையும் வகுப்பறைக்குள் கொண்டுவர எங்களால் இயலாது; ஆனால் எங்கள் அறிவை ஏழைகளின் பக்கம் நிறுத்த இயலும். நாட்டில் காணி யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, பசி ஏன் என்று ஆராய்வோம். கண்டதை மறைக்காமல் வெளியிடுவோம். மாணவரின் கட்டணமும் குடும்ப வருமானத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அறவிடப்பட்டது.

3. முதற் சோதனை: 1976

1975இல் குருவல்லாத ஒருவர் அதிபரானார். அவர் பெயர் ரொமான் மயோர்கா, இளம் பொறியியலாளர். தகுதியைப் பார்த்து ஒரு பொதுநிலையினரிடம் தலைமையை ஒப்படைத்தது அக்காலத்தில் சிறிய காரியமல்ல.

அடுத்த வருடமே சோதனை வந்தது. 1976இல் ஜனாதிபதி மொலீனாவின் அரசாங்கம் ஒரு பகுதியில் மட்டும் காணிச் சீர்திருத்தம் செய்யப்போவதாக அறிவித்தது. குறைபாடுகள் இருந்தபோதிலும் இது ஒரு தொடக்கம் என்று பல்கலைக்கழகம் அதனை ஆதரித்தது. பெரிய நிலச் சொந்தக்காரர் எதிர்த்தனர். சில மாதங்களில் அரசாங்கம் பின்வாங்கியது. பல்கலைக்கழகச் சஞ்சிகை வாய்மூடி இருக்கவில்லை. பணத்தின் கட்டளைக்கு அரசு பணிந்துவிட்டதென்று ஆசிரியத் தலையங்கம் எழுதியது. அதன் விலையாக அரசாங்க உதவிப் பணம் நிறுத்தப்பட்டது. வளாகத்தில் குண்டுகள் வெடித்தன.

1977 மார்ச் 12இல் கிராமத்துக் கமக்காரர் மத்தியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ருத்தீலியோ கிறாண்டே, ஒரு முதியவரோடும் ஒரு சிறுவனோடும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டில், முப்பது நாட்களுக்குள் நாட்டைவிட்டுப் போகாவிட்டால் இயேசு சபையினர் அனைவரையும் கொல்வோம் என்று ஒரு ஆயுதக் குழு அறிவித்தது. அவர்கள் போகவில்லை.

1979 ஒக்டோபரில் ஆட்சி கவிழ்க்கப்பட்டபோது, சீர்திருத்தம் செய்யும் நம்பிக்கையோடு மயோர்கா புதிய ஆட்சிக்குழுவில் சேர்ந்தார். கொலைகள் நிற்கவில்லை. படையினரை அடக்கத் தமக்கு அதிகாரமில்லை என்பதைக் கண்டு 1980 ஜனவரியில் பதவி விலகினார். பதவி கிடைத்தால் எல்லாம் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இதனை மனதிற் கொள்ள வேண்டும். செயற்பட முடியாத நாற்காலியைவிட்டு எழுந்துவருவதும் தலைமையின் ஒரு பண்பே.

4. எல்லாக்குரியா அடிகளார்

மயோர்காவுக்குப் பின் 1979இல் அதிபரானவர் இக்னாசியோ எல்லாக்குரியா அடிகளார். 1930இல் ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிற் பிறந்தவர். பதினெட்டாம் வயதில் எல் சல்வடோருக்கு வந்தவர். மெய்யியலில் பெரும் புலமை பெற்றவர்.

1980 மார்ச் 24இல் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது கொல்லப்பட்டார். நாடு முழுப் போருக்குள் விழுந்தது. உயிராபத்தினால் அதே ஆண்டு இறுதியில் எல்லாக்குரியா வெளியேற நேர்ந்தது. 1982இல் திரும்பி வந்தார்.

போர் நடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டார்கள். இரு தரப்பும் வெற்றியையே பேசிக்கொண்டிருந்த வேளையில், இப்போரில் எவரும் வெல்லப் போவதில்லை, பேச்சுவார்த்தையே வழி என்று எல்லாக்குரியா திரும்பத்திரும்பச் சொன்னார். இதனால் இரு பக்கத்திலும் அவர்மீது சந்தேகம். ஆயினும் 1985இல் ஜனாதிபதி துவார்த்தேயின் மகள் கெரில்லாக்களால் கடத்தப்பட்டபோது, அவரை மீட்கும் பேச்சில் பேராயர் ரிவேராவோடு இவரும் நடுவராக நின்றார். இரு தரப்பாரும் நம்பிப் பேசக்கூடிய ஆளாக அவர் இருந்தார்.

5. இடம்பெயர்ந்தோரைக் கணக்கெடுத்தவர்

நல்ல தலைவர் எல்லாவற்றையும் தாமே செய்வதில்லை. எல்லாக்குரியாவைச் சுற்றி ஒரு குழு இருந்தது. அவர்களுள் இருவரை மட்டும் குறிப்பிடுவோம்.

உளவியலாளர் இக்னாசியோ மார்த்தீன்-பாரோ அடிகளார் 1986இல் மக்கள் கருத்தாய்வு நிலையத்தைத் தொடங்கினார். வாய்திறக்கப் பயந்த மக்களிடம் வீடுவீடாகச் சென்று, போர் பற்றியும் வாழ்வு பற்றியும் அவர்கள் நினைப்பதைக் கேட்டு வெளியிட்டார். வார இறுதியில் ஹாயாக்கே என்ற கோப்பிக் கிராமத்துப் பங்கில் பணியாற்றினார்.

சமூகவியலாளர் செகுந்தோ மொந்தெஸ் அடிகளார் 1985இல் மனித உரிமை நிலையத்தைத் தொடங்கினார். இடம்பெயர்ந்தோரும் அகதிகளும் எங்கே, எவ்வாறு வாழ்கிறார்கள் என்று நேரிற் சென்று ஆராய்ந்து அதே ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஹொண்டுராஸ் நாட்டு முகாம்களில் இருந்தவர்களைத் தேடிப்போனார். அமெரிக்காவுக்கு ஓடிய எல் சல்வடோர் மக்கள் வீட்டுக்கு அனுப்பும் காசு நாட்டுப் பொருளாதாரத்தையே தாங்குகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று அமெரிக்க அரசியல்வாதிகளிடம் வாதாடினார். அந்தப் பாதுகாப்பு 1990இல் சட்டமாயிற்று. அதைக் காண மொந்தெஸ் உயிரோடு இருக்கவில்லை.

இடம்பெயர்ந்தவர்களை எல்லோரும் ஓர் எண்ணிக்கையாகத்தான் பார்ப்பார்கள். மொந்தெஸ் எண்ணிக்கையையும் எடுத்தார். அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்களின் பேச்சையும் கேட்டார்.

6. 1989 நவம்பர் 16

1989 நவம்பர் 11இல் கெரில்லாக்கள் தலைநகர்மீது பெருந்தாக்குதலைத் தொடங்கினர். அப்போது ஸ்பெயினில் இருந்த எல்லாக்குரியா, வரவேண்டாம் என்று சொல்லக் காரணங்கள் இருந்தும், 13ஆம் திகதி திரும்பி வந்தார். 16ஆம் திகதி அதிகாலை இராணுவத்தின் அற்லாகற்ல் படைப்பிரிவினர் வளாகத்துள் புகுந்தனர். எல்லாக்குரியா, மார்த்தீன்-பாரோ, மொந்தெஸ், அமாந்தோ லோப்பெஸ், ஹுவான் ரமோன் மொரேனோ, ஹோவாக்கீன் லோப்பெஸ் ஆகிய ஆறு குருமாரையும் கொன்றனர். சமையல் வேலை செய்த எல்பா ராமோஸ் என்ற தாயும், செலீனா என்ற அவரது பள்ளி வயது மகளும் கொல்லப்பட்டனர். வெளியே வெடிச்சத்தம் அதிகம், குருமாரின் வீடு பாதுகாப்பானது என்று நம்பி அவ்விருவரும் அன்றிரவு அங்கே தங்கியிருந்தார்கள்.

பழியைக் கெரில்லாக்கள்மீது போட முயன்றார்கள். ஆனால் சண்டையால் வீட்டைவிட்டு வந்து அருகில் தங்கியிருந்த, துப்புரவு வேலை செய்த பெண்ணொருவர் சன்னல் வழியாகப் படையினரைக் கண்டிருந்தார். கண்டதைச் சொன்னார். அதற்காக நாட்டைவிட்டே போகவேண்டி வந்தது. படித்தவர்கள் பலர் மௌனமாயிருந்தபோது, இடம்பெயர்ந்த ஒரு தொழிலாளிப் பெண் உண்மைக்குச் சாட்சியானார். அதுவும் தலைமைதான்.

7. தலைமை அழிந்ததா?

எல்லாக்குரியாவைக் கொன்றால் பல்கலைக்கழகம் அடங்கிவிடும் என்று கொலைகாரர் நினைத்திருக்கலாம். நடந்தது வேறு. மிகேல் பிரான்சிஸ்கோ எஸ்திராதா அடிகளார் அதிபர் பொறுப்பை ஏற்றார். கொல்லப்பட்டவர்களின் இடத்தில் கற்பிக்கப் பிற நாடுகளிலிருந்து இயேசு சபையினர் வந்தனர். நியூயோர்க்கிலிருந்து 1990இல் வந்த டீன் பிராக்லி அடிகளார் 2011இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். கொலை நடந்தபோது மாகாணத் தலைவராயிருந்து நீதி கேட்ட ஹொசே மரீயா தொஹெய்ரா அடிகளார் 1997 முதல் 2010 வரை அதிபராயிருந்தார்.

1992 ஜனவரி 16இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணைக்குழு 1993இல் கொலைக்குக் கட்டளையிட்ட உயரதிகாரிகளின் பெயரை வெளியிட்டது. ஆனால் 1991இல் தண்டிக்கப்பட்ட இரு அதிகாரிகளும் 1993இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தால் விடுதலையாயினர். அச்சட்டத்தை 2016இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 2020இல் ஸ்பெயின் நீதிமன்றம் ஒன்று முன்னாள் கேணல் மொந்தானோவுக்கு 133 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. நீதி வர முப்பது வருடத்துக்கு மேல் சென்றது. அதுவும் முழுதாக வரவில்லை. ஆயினும் கேட்பதை விடாததால்தான் இவ்வளவாவது வந்தது.

அன்றிரவு வேறிடத்தில் இருந்ததால் உயிர்தப்பியவர் பொறியியல் ஆசிரியரான ஹோன் கோர்த்தீனா அடிகளார். ஹொண்டுராஸ் முகாமிலிருந்து 1987இல் குவார்ஹீலாவுக்குத் திரும்பிய கமக்காரர் குடும்பங்களுக்குத் துணையாயிருந்தவர். போரில் காணாமற்போன பிள்ளைகளைத் தேட 1994இல் பெற்றோருடன் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்குமிடம் தெரியவந்தது.

கொலோமொன்காகுவா முகாமிலிருந்த ஆயிரக்கணக்கான மக்கள் 1989 இறுதியிலும் 1990 தொடக்கத்திலும் தாய்நாடு திரும்பினர். தாம் புதிதாக அமைத்த குடியிருப்புக்கு 'செகுந்தோ மொந்தெஸ்' என்று பெயரிட்டார்கள். குருமார் விழுந்த புற்தரையில், எல்பாவின் கணவரான ஒப்துலியோ ரோசாச் செடிகளை நாட்டினார். அத்தோட்டம் இன்றும் பூக்கிறது.

8. நாம் கற்பவை

* தொடக்கம் எப்படியிருந்தாலும் ஒரு நிறுவனம் தன் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். வசதிபடைத்தோருக்கென எண்ணப்பட்ட இடம் காணியற்றோரின் குரலாயிற்று.
* கோபம் மட்டும் போதாது. சரியான கணக்கு வேண்டும். எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், உறுதி யாரிடம் என்ற விபரம் கையிலிருந்தால் நம் பேச்சுக்குப் பலமுண்டு.
* ஒருவரையே நம்பியிருக்கும் சங்கம் அவரோடு முடிந்துவிடும். பலரைத் தயார்செய்த தலைமை, தலைவர் போனபின்னும் நிற்கும்.
* பெயர்ப்பலகையில் இல்லாதவர்களும் தலைவர்களே.

கூடிப் பேசுவதற்கு

1. நமது சங்கத்தில் அடுத்த தலைவராக இப்போதே யாரைப் பழக்குகிறோம்?
2. நாம் விட்டுவந்த காணி, வீடு, கிணறு, மரங்கள் பற்றிய விபரங்களை ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைத்திருக்கிறதா? இல்லையெனில் யார், எப்போது தொடங்குவது?
3. மயோர்கா பதவி விலகியது சரியா? உள்ளேயிருந்து போராடியிருக்க வேண்டுமா?
4. நம் மத்தியில் பேசாதிருக்கும் பெண்களும் இளைஞரும் கண்டவற்றைச் சொல்ல, நாம் எவ்வாறு இடமளிக்கலாம்?