சரீரத்தின் சாலைப்படம்: உயிர்வேதியியலை வரைபடத்தால் கற்பித்தல்



செவிலியர் படிப்பிலும் ஆய்வகப் பயிற்சியிலும் மாணவர்கள் மிகவும் அஞ்சுகிற பாடம் எதுவென்று கேட்டால், பலர் தயங்காமல் உயிர்வேதியியல் என்பார்கள். நாம் உண்ணும் ஆகாரம் சரீரத்துக்குள் படிப்படியாக மாறிச் சக்தியாவதைச் சொல்லும் பாடம் அது. ஒவ்வொரு படியிலும் ஒரு பொருளின் பெயர், அதை மாற்றும் நொதியின் பெயர் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். நோயாளியின் கட்டிலருகே அந்தப் படிப்பு கைகொடுப்பதில்லை. அதே பாடத்தை வரைபடமாகக் கற்பித்தால் உண்டாகும் பயனை இம்மடலில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

1. வரைபடம் வந்த விதம்

1937ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற விஞ்ஞானி, ஆகாரத்திலிருந்து சக்தி பிறக்கும் பாதை ஒரு வளையமாகச் சுற்றி வருகிறது என்று கண்டறிந்தார். 1953இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார். வேறு பல பாதைகளும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. லீட்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் டொனால்ட் நிக்கல்சன், மாணவர்கள் இவற்றைத் தனித்தனியாகப் படித்துக் குழம்பாதபடி, 1955இல் சுமார் 20 பாதைகளை ஒரே தாளில் இணைத்து வரைந்தார். அந்தப் படம் பின்னர் 22 பதிப்புகள் கண்டு, உலகெங்கும் ஆய்வகச் சுவர்களில் இடம்பெற்றது. அவர் 2012இல் காலமானார்.

2. நம் ஊர்ச் சாலைகளைப் போல

அந்தப் பெரிய படத்தை முதல் நாளே காட்டினால் மாணவர்கள் மிரண்டுபோவார்கள். ஆகவே தெரிந்த சாலைகளிலிருந்து தொடங்குகிறோம். சாரத்திலிருந்து காமராஜர் சாலை வழியாக நகருக்குப் போகிறோம். அங்கே அண்ணா சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை, சர்தார் பட்டேல் சாலை ஆகிய நான்கும் பழைய நகரைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கின்றன. அதுபோலவே குளுக்கோஸ் 10 படிகள் கொண்ட ஒரு நேர்ச்சாலையில் வந்து, பைருவேட் என்னும் பொருளாகிறது. பிறகு ஒரு வாசலைக் கடந்து கிரெப்ஸ் வளையத்துக்குள் நுழைகிறது. கொழுப்பும் புரதமும் வேறு சாலைகளில் வந்து இதே வளையத்தில் சேருகின்றன.

3. வாசல் அடைபட்டால்

அந்த வாசல் திறக்க வைட்டமின் பி1, அதாவது தயமின், தேவை. வளையத்துக்குள்ளும் ஒரு படிக்கு அது வேண்டும். சரீரம் அதை அதிகமாகச் சேமித்துவைப்பதில்லை. ஆகாரத்தில் கிடைக்காவிட்டால் சில வாரங்களில் தீர்ந்துபோகும்.

வாரக்கணக்காகச் சாப்பிடாமல் குடியிலேயே கிடந்த ஒருவரை, தள்ளாட்டமும் மனக்குழப்பமும் கண் அசைவில் கோளாறுமாகக் கொண்டுவருகிறார்கள். போதை என்று எண்ணிவிடுவது எளிது. ஆனால் 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த மூளை வியாதியாக அது இருக்கலாம். "களைத்திருக்கிறார், குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள். வரைபடம் அறிந்த செவிலியரோ சற்று யோசிப்பார். வாசல் மூடியிருக்கும்போது வண்டிகளை மேலும் மேலும் அனுப்பினால் என்ன ஆகும்? பைருவேட் தேங்கி லாக்டிக் அமிலமாக மாறும். மிஞ்சியிருந்த தயமினும் செலவாகும். மூளை சக்தியின்றித் தவிக்கும். ஆகவே குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயமின் ஊசி போட வேண்டுமென்று மருத்துவருக்கு நினைவூட்டுவார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தால் குளுக்கோஸையும் தாமதிக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாகச் செல்ல வேண்டும். காலத்தோடு கொடுத்தால் குணமடைய வாய்ப்புண்டு. தாமதித்தால் உயிரே போகலாம். பிழைத்தாலும் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

4. நெல்லூரில் பிறந்த ஒருவர்

தயமின் குறைவினால் வரும் மற்றொரு வியாதி பெரிபெரி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. ஆகவே தீட்டிய பிறகும் புழுங்கல் அரிசியில் அது ஓரளவு தங்கும். தீட்டிய பச்சரிசியில் பெரும்பாலும் போய்விடும். 1886இல் நெல்லூரில், பாப்டிஸ்ட் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். 1910ஆம் ஆண்டளவில் மணிலாவில், பெரிபெரியால் மடியும் குழந்தைகளைக் காப்பாற்றத் தவிட்டுச் சாற்றை ஆராயத் தொடங்கினார். 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். வரைபடத்தில் அந்த வாசலைக் காட்டும்போது இவரைப் பற்றியும் சொல்லுகிறோம். பெயர் மட்டுமல்ல, அதன் பின்னாலுள்ள உழைப்பும் மாணவர் மனதில் பதிகிறது.

5. வகுப்பில் செய்யும் முறை

முதலில் மாணவர்கள் தரையில் சுண்ணக்கட்டியால் சாலையையும் வளையத்தையும் வரைகிறார்கள். ஒருவர் குளுக்கோஸாக நடந்து வருகிறார். வாசலில் நிற்பவர் கையில் "தயமின்" என்று எழுதிய அட்டை இருக்கும். அட்டையை வாங்கிக்கொண்டதும் வழி அடைபடும். அப்போது மூன்று கேள்விகள் கேட்கிறோம்: எது தேங்குகிறது? எது கிடைக்காமல் போகிறது? நோயாளியிடம் எதைக் காண்போம்? விடை சொல்லத் தெரிந்த பிறகே பெயர்களை எழுதச் சொல்லுகிறோம். மறுவாரம் பெயர்கள் இல்லாத வெற்றுப் படத்தைக் கொடுத்து நிரப்பச் செய்கிறோம்.

வரைபடத்துக்கும் எல்லை உண்டு. எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்பதை அது காட்டாது. ஈரலில் உள்ள சில பாதைகள் மூளையில் இல்லை என்பதையும் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

தயமின் ஊசியின் விலை சொற்பமே. அதை எந்த நேரத்தில், எதற்கு முன்பாகப் போட வேண்டும் என்று அறிந்த ஒருவர் நடுராத்திரியில் வார்டில் இருக்க வேண்டும். அதற்காகவே தரையில் கோடு போட்டுக் கற்பிக்கிறோம்.