ஒண்டியாகப் போட்டால்தான் கணக்கா?

அன்புள்ள சகோதரிக்கு,

குருபரப்பள்ளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் தினமும் சாயங்காலம் ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்து திண்ணையில் கணக்கு நோட்டை விரிக்கிறாள் என்றும், "பேச்சு ஜாஸ்தி, கணக்கு கம்மி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, பாதிக் கணக்கில் நோட்டை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். "ரெண்டு பேருக்குமே வராத கணக்கு, சேர்ந்து உட்கார்ந்தா மட்டும் வந்துடுமா?" என்று கேட்கிறீர்கள்.

வரும். கணக்கு என்றால் ஒண்டியாக உட்கார்ந்து போடுவது என்று நமக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒண்டியாக இருந்தே சாதித்தவர் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரிப் பரீட்சையில் தேறாமல், வேலை தேடி அலைந்து, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரி எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். இரவானால் திருவல்லிக்கேணியில் அவர் வீட்டு மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் முழங்கையால் அழித்து அழித்து எழுதுவார். நாராயண ஐயருக்குப் பாதி புரியாது. இரண்டு வரிக்கு நடுவே இன்னும் பத்து வரியாவது எழுதினால்தான் என்னைப் போன்றவனுக்கு விளங்கும் என்று விடாமல் கேட்பாராம். தனக்கு விளங்கியதைப் பிறருக்கு விளங்கும்படி எழுதுவது தனி வேலை. அதைப் பழக்க, "இது எப்படி வந்துச்சு?" என்று கூச்சமில்லாமல் கேட்கிற ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். உங்கள் மகளின் சிநேகிதி கணக்கில் கெட்டிக்காரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கத் தெரிந்தால் போதும். கடையில் விற்கிற கைடில் எல்லாப் படியும் அச்சாகியிருக்கும்; அது திருப்பிக் கேள்வி கேட்காது.

அரட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒன்றைக் கவனித்தார். கால்குலஸ் பாடத்தில் சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றார்கள். சோம்பலா, வீட்டு வறுமையா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அவர்கள் படிக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தார். தோற்றவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. படிப்பு வேறு, சிநேகிதம் வேறு என்று கோடு கிழித்து வைத்திருந்தார்கள். மற்றவர்களோ சாப்பாடு, பேச்சு, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் ஒன்றாகவே நடத்தினார்கள். ஒரு கணக்கு ஒருவருக்கும் வரவில்லையென்றால், அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவனோ தனக்கு மண்டை இல்லை என்று நினைத்துக்கொண்டான். பிறகு ட்ரைஸ்மன் மாணவர்களைக் கூட்டாக உட்காரவைத்துக் கடினமான கணக்குகளாகக் கொடுத்தார். மதிப்பெண் ஏறியது.

"எனக்கும் வரலடி" என்று சிநேகிதி சொல்வது அதனால்தான் சின்ன விஷயம் இல்லை. உங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் நிறைய. வகுப்பில் எழுந்து நின்று தமிழில் கேட்கக் கூசுகிற சந்தேகத்தைத் திண்ணையில் தெலுங்கிலேயே கேட்டுவிடலாம்.

இனி ஒரு புதிர். 1914இல், கேம்பிரிட்ஜுக்குப் போயிருந்த ராமானுஜன் தன் அறையில் காய் வதக்கிக்கொண்டிருந்தபோது, நண்பர் மகலனோபிஸ் (பின்னாளில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்) 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிடத்தில் முட்டி மோதி விடையைப் பிடித்திருந்தார். ராமானுஜன் கரண்டியை வைக்காமலே, எத்தனை பெரிய தெருவுக்கும் பொருந்துகிற விடையைச் சொன்னார்.

இதைச் சின்னதாக்கினால் உங்கள் திண்ணைக்கே வந்துவிடும். எட்டு வீட்டுத் தெருவில் ஆறாம் வீட்டைப் பாருங்கள். இந்தப் பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. அந்தப் பக்கம் 7ம் 8ம் சேர்ந்து 15. ஒன்று முதல் எட்டு வரை மொத்தம் 36, அதாவது ஆறின் வர்க்கம். அடுத்தது 49 வீட்டுத் தெருவில் 35. அதற்கடுத்தது 288 வீட்டுத் தெருவில் 204. ஸ்ட்ராண்ட் கேட்டது இந்தக் கடைசி விடையை. இந்த விடைகளைச் சரிபார்க்கத் தேவையான கூட்டல் சூத்திரம் பத்தாம் வகுப்பு 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்திலேயே இருக்கிறது. இதெல்லாம் பரீட்சையில் வருமா என்று கேட்டால், வராது. பரீட்சைக்கு வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் போட்டுப் பழகச் சொல்லுங்கள். எட்டும் எட்டும் பதினாறு மார்க் கைக்கு வந்துவிடும்.

இதே மகலனோபிஸ் இன்னொரு நாள் ராமானுஜனின் அறைக்குப் போனபோது, குளிரில் தூக்கமே இல்லை என்று ராமானுஜன் சொன்னார். பார்த்தால், கம்பளிகளையெல்லாம் மெத்தைக்குள் செருகி ஒழுங்காகத்தான் விரித்திருக்கிறது. அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவருக்குத் தெரியவில்லை. ஓவர்கோட்டும் சால்வையுமாக மேலேயே படுத்துக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டிக்கொடுத்தார். கணக்குப் பேசுகிற சிநேகிதரிடமே இந்தப் புலம்பலும் இறங்கியது. உங்கள் திண்ணையில் நடக்கிற பேச்சிலும், பஸ் வராத கதை, தம்பி பேனாவை உடைத்த கதை, டீச்சர் திட்டிய கதை எல்லாம் கலந்துதான் இருக்கும். அந்தப் புலம்பல் இறங்கினால்தான் கணக்கு ஏறும்.

கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருத்தி போட, இன்னொருத்தி பார்த்து எழுதினால் சும்மா விடாதீர்கள். நோட்டை மூடிவிட்டு, பார்த்து எழுதியவளே அந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்குக் கணக்கு தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே வசதிதான். "இது எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள்.

இரண்டு பேருக்கும் என் பங்குக்கு ஒரு வீட்டுப்பாடம்: 204க்கு அடுத்த வீட்டு எண் என்ன, அந்தத் தெருவில் எத்தனை வீடு? எண் நாலு இலக்கம். 6, 35, 204 மூன்றையும் உற்றுப் பார்த்தால் வழி தெரியும். விடை தெரிந்ததும் எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கடிதத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.