கேமரன் மலையும் அருவி நீரும்

வார இறுதியில் நண்பர்கள் சிலர் ஒன்றுகூடி மலையூர் ஒன்றைக் கண்டு வருவது நம் நாட்டு மக்களுக்குப் பெரிதும் விருப்பமான பொழுதுபோக்காகும். சுபாங் ஜெயாவிலிருந்து அவ்வாறு சென்றுவரத் தக்க இடங்கள் பல உள. அவற்றுள் கேமரன் மலை தமிழ்த் தொழிலாளர் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. மலையேறும் வழியில் லாத்தா இஸ்கண்டார் என்னும் அழகிய அருவியும் உண்டு. அவ்வருவியில் குளித்து மகிழ்வோர் பலர்; அந்நீர் எங்கிருந்து, எவ்வாறு வருகின்றது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. மாணவச் செல்வங்களே! அதனை ஈண்டு ஆராய்வோம்.

தாப்பா வரையிலான நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அங்கிருந்து பிரியும் பழைய மலைப்பாதையே சுவையானது. அது பாம்பென வளைந்து வளைந்து ஏறுகின்றது. தலைசுற்றல் உள்ளோர் முன்னிருக்கையில் அமர்தல் நலம். வழிநெடுகிலும் மூங்கிலும் பெருமரங்களும் அடர்ந்த காடு; ஆங்காங்கே பூர்வகுடிகளாகிய செமாய் மக்கள் பெத்தாய்க் காய் விற்பதைக் காணலாம். பேராக் மாநிலத்தில் அருவியைக் கடந்து மேலேறினால், பகாங் மாநிலத்து ரிங்லெட்டும், பின்னர் தானா ராத்தாவும் வரும். 1885ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதிக்கு வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு வழங்குகின்றது.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. “மலை கதிரவனுக்குச் சற்று அருகில் அன்றோ இருக்கிறது? அங்கு வெப்பமன்றோ மிகுந்திருத்தல் வேண்டும்?” என நீங்கள் வினவலாம். நல்ல வினாதான். கதிரவனின் தொலைவோடு ஒப்பிட்டால் மலையின் உயரம் ஒரு பொருட்டே அன்று. காற்று பெரும்பாலும் நிலத்தின் சூட்டினாலேயே வெப்பமடைகின்றது. அவ்வாறு சூடேறிய காற்று மேலே எழும்பொழுது, அங்கு அழுத்தம் குறைவாதலின் விரிவடைந்து குளிர்கின்றது. மிதிவண்டிச் சக்கரத்தின் காற்றைத் திறந்துவிட்டு விரலை நீட்டிப் பாருங்கள்; சில்லென்றிருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை வெப்பம் குறையும். அவ்வாறாயின் தானா ராத்தாவில் எத்தனை பாகை குறையும்? கணக்கிட்டுப் பாருங்கள்; ஒன்பதுக்குச் சற்று மேல் வரும்.

இக்குளிர்ச்சியே மலையின் பயிரையும் மாற்றிவிட்டது. இன்று நகரமாகிவிட்ட சுபாங் ஜெயா முன்னர் சீபீல்ட் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. தாழ்நிலத்தில் செழித்த அந்த ரப்பர் மரம் இவ்வளவு உயரத்துக் குளிரில் செழிப்பதில்லை. தேயிலையோ அதனையே விரும்புகின்றது. 1929ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கீழே நம் முன்னோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டிய அதே காலத்தில், மேலே நம்மவர் பனியில் நனைந்தவாறு செங்குத்தான சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்தனர். படம் பிடிக்க வருவோர் கண்ணுக்கு அச்சரிவுகள் பச்சைக் கம்பளமாகத் தெரியும். ஏறி இறங்கிய கால்களுக்குத்தான் அவற்றின் கடுமை தெரியும்.

இனி நீருக்கு வருவோம். ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்கையில், அதிலுள்ள நீராவி முகிலாகி மழையாகப் பொழிகின்றது. காட்டின் சருகும் வேரும் மண்ணும் பஞ்சுபோல் அம்மழையை உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. மழையில்லாத நாளிலும் அருவி வற்றாதிருப்பதன் காரணம் இதுவே. காட்டை அழித்துச் சரிவில் பயிரிட்டால் மண் கரைந்து நீரோடு போகும். ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1960-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டின் ஏரி, மின்னாற்றலுக்கு உதவுவது. அது வண்டலால் பெரிதும் தூர்ந்துவிட்டது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் கனமழையின்போது அணை திறக்கப்பட்டு, கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

அருவிக்கு அணையில்லை, ஆயினும் அங்கும் திடீர் வெள்ளம் உண்டு. மலாய் மொழியில் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். ‘நீரின் தலை’ என்பது பொருள். நாம் குளிக்குமிடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தொலைவில், மலையுச்சியில், நம் கண்ணுக்குத் தெரியாமல் பெருமழை பெய்யும். பல ஓடைகளின் நீரும் ஒரே பள்ளத்தில் கூடி, கல்லும் மரமும் உருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கீழே பாய்ந்து வரும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடா மாநிலத்து ஜெராய் மலையடிவாரத்தில் இவ்வாறு பாய்ந்த வெள்ளம் பல உயிர்களைக் கொண்டு சென்றது.

பெரும்பாலும் இவ்வெள்ளம் முன்னறிவிப்போடுதான் வருகின்றது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கித் தேநீர் நிறமாகும். சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த பாறை நீரில் மூழ்கும். அருவியின் ஓசை தடித்து, இரைச்சலாகும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், துணிமணியையும் சோற்றுப் பாத்திரத்தையும் தேடாமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டிற்கு ஏறிவிட வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடுதல் கூடாது. வெள்ளம் மனிதனைவிட விரைந்து ஓடும். நடுப்பாறையில் நின்று படம் பிடிக்கும் இளைஞர்களிடம் இதை யார் சொல்வது!

மலைப்பகுதியில் மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்கின்றது. ஆகவே சனிக்கிழமை காலையில் மேலே ஏறுகையிலேயே லாத்தா இஸ்கண்டாரில் இறங்கிக் குளித்துவிடலாம். ஞாயிறு பிற்பகலில் திரும்பும்பொழுது, சாலையோரத்தில் நின்றவாறே அருவியைப் பார்த்து, ஒரு கட்டுப் பெத்தாய் வாங்கிக்கொண்டு, இருட்டுமுன் தாப்பா வந்து சேரலாம்.