வேகஸிலிருந்து ஒரே நாளில் ஆன்டிலோப்? வேண்டாமே!

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறான். ஆகஸ்டில் நானும் மனைவியும் போகிறோம். அவனுக்கு ஒரு வாரம் லீவு. கிராண்ட் கேன்யன், லாஸ் வேகஸ் இரண்டும் முடிவாகிவிட்டன. வாட்ஸ்அப்பில் எல்லோரும் அனுப்புகிற ஆரஞ்சு நிறப் பாறைச் சந்து இருக்கிறதே, ஆன்டிலோப் கேன்யன், அதையும் பார்த்துவிட வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. லாஸ் வேகஸிலிருந்து விடியற்காலையில் பஸ்ஸில் கூட்டிப்போய் இரவு கொண்டுவந்து விடுகிறார்களாம். அதில் போகலாமா, மகனின் காரிலேயே போவதா? மருமகளும் 5 வயதுப் பேத்தியும் கூட வருகிறார்கள். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காரில் போங்கள். பேஜ் என்ற ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். பஸ் யோசனையை மறந்துவிடுங்கள்.

லாஸ் வேகஸிலிருந்து பேஜ் ஏறக்குறைய 440 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் நாலரை மணி நேரம். பள்ளத்தாக்குக்குள் நீங்கள் இருக்கப் போவதோ சுமார் ஒரு மணி நேரம். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, சென்னையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, அன்றைக்கே வீடு திரும்புவது போலத்தான் இது. வேறு வழியே இல்லாதவர்கள் போகிறார்கள், குறை சொல்லவில்லை. வீட்டு வாசலில் காரும், ஓட்ட மகனும் இருக்கும்போது முழங்கால் வலிக்காரரைப் பகல் முழுக்கப் பஸ் இருக்கையில் உட்கார வைப்பானேன்?

ஆன்டிலோப், கிராண்ட் கேன்யன் மாதிரி நினைத்த நேரத்துக்குப் போய் விளிம்பில் நின்று பார்க்கிற இடம் இல்லை. அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். 1997 முதல் அவர்களுடைய பூங்கா. அவர்கள் அனுமதித்த வழிகாட்டி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. முன்பதிவு செய்த மணிக்குத்தான் அனுமதி. அந்த மணி தவறினால் அடுத்த குழுவில் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆகஸ்டில் கூட்டம் அப்படி. அதனால் முதலில் பள்ளத்தாக்கின் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஹோட்டல், சாலை, சாப்பாடு எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள். நம்மவர்கள் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விமானம், ஹோட்டல் எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் டூர் தேடுகிறார்கள்.

உங்கள் மகன் ஃபீனிக்ஸில் இருப்பதால் ஒரு வட்டமாகப் போய் வரலாம். முதல் நாள் ஃபிளாக்ஸ்டாஃப் வழியாகக் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு. அங்கே தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் கிழக்கு வாசல் பக்கமாக, டெசர்ட் வியூ சாலையில் இறங்குங்கள். அந்தச் சாலையே ஒரு வேடிக்கை. நின்று நின்று போகலாம். கேமரன் என்ற இடத்தில் நெடுஞ்சாலை 89-ஐத் தொட்டு வடக்கே திரும்பினால் பேஜ். மொத்தம் சுமார் 220 கிலோமீட்டர். கேமரனில் பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் பேஜ் சேர்ந்துவிடுவது நல்லது. அது வேலியில்லாத மேய்ச்சல் நிலம். ஆடு, மாடு, குதிரை எதுவும் சாலையில் நிற்கும், விளக்கும் கிடையாது. மூன்றாம் நாள் காலை ஆன்டிலோப், மாலை ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவு. நான்காம் நாள் கனாப் என்ற ஊர் வழியாக லாஸ் வேகஸ். அங்கிருந்து ஃபீனிக்ஸ் ஐந்து மணி நேர ஓட்டம்.

அந்தப் பக்கம் சாலைகள் குறைவு. ஒன்று அடைபட்டால் மாற்று வழி நீளம். 2013 பிப்ரவரியில் பேஜுக்குத் தெற்கே நெடுஞ்சாலை 89 நிலச்சரிவில் பிளந்து போனது. 2015 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். கிளம்பும் காலையில் அரிசோனா போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தை மகன் ஒரு தடவை பார்த்துவிடட்டும்.

அடுத்து, எந்த ஆன்டிலோப்? மேல், கீழ் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டும் தனித்தனி இடம், தனித்தனி டிக்கெட். கீழ்ப் பள்ளத்தாக்கில் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும். உள்ளே போகப் போக அடிப்பக்கம் குறுகிக் கொண்டே வரும், சில இடங்களில் ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை வைத்துத்தான் நகர முடியும். உங்கள் மனைவிக்கு அது வேண்டாம். மேல் பள்ளத்தாக்கில் தரை சமமான மணல். படங்களில் பார்த்த ஒளிக்கற்றை விழுவதும் அங்கேதான். ஆகஸ்டில் உச்சிவேளையை ஒட்டிய நேரங்களில் தெரியும். அந்த நேரங்களுக்கு விலையும் கூடுதல், கூட்டமும் கூடுதல். ஒரு விஷயம்: மறுமுனையில் வெளியேறி, மேட்டின் மேல் போட்ட படிகளும் சரிவும் உள்ள பாதையில் சுற்றித் திரும்பச் சொல்கிறார்கள். பதிவு செய்யும்போதே முழங்கால் விஷயத்தைச் சொல்லி, எத்தனை படி என்று கேட்டுவிடுங்கள்.

மேல் பள்ளத்தாக்குக்கு உங்கள் கார் போகாது. மணல் ஓடை வழியாக வழிகாட்டிகளின் வண்டியில்தான் போக வேண்டும், நன்றாகத் தூக்கித் தூக்கிப் போடும். பேத்திக்குக் குழந்தை இருக்கை அந்த வண்டியிலும் கட்டாயம். அரிசோனா சட்டப்படி 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, உயரம் 4 அடி 9 அங்குலத்தைத் தாண்டாதவரை, அது வேண்டும். மகனின் காரில் இருப்பதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் கவுண்டரிலேயே குழந்தையை நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, பை எதுவும் உள்ளே விடுவதில்லை: தோள்பை, கைப்பை, இடுப்புப் பை எதுவும். தண்ணீர் பாட்டிலும் போனும் கையில். மாத்திரை சட்டைப் பையில். செல்ஃபி குச்சி, முக்காலியும் கிடையாது.

ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இரண்டு இரவு தங்கச் சொன்னேன். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய அங்கே பருவமழைக் காலம். நம் ஊர் மழை போல நாள் முழுக்கப் பெய்யாது. மதியத்துக்கு மேல் எங்கோ ஒரு மேடு கறுத்து, அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். வறண்ட பாறை தண்ணீரைக் குடிக்காது. எல்லாம் ஓடையில் சேர்ந்து, ஓடை இந்தச் சந்துக்குள் பாயும். 1997 ஆகஸ்ட் 12 அன்று பள்ளத்தாக்கின் மேல் பெரிதாக மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் கீழ் ஆன்டிலோப்புக்குள் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் கழற்றி மாட்டும் ஏணிகள் போய் நிலையான இரும்புப் படிகள் வந்தன. வானம் பளிச்சென்று இருக்கும்போது வழிகாட்டி "இன்று இல்லை" என்றால் அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். காலை நேரம் பதிவு செய்தால் ரத்தாகும் வாய்ப்பு குறைவு. ரத்தானாலும் ஊரில் தங்கியிருப்பவருக்கு மறுநாள் காலை என்று ஒன்று மிச்சம் இருக்கும். வேகஸ் பஸ்காரருக்கு அது இல்லை.

ஹார்ஸ்ஷூ பெண்ட் பேஜிலிருந்து பத்து நிமிடம்தான். காருக்கு நிறுத்தக் கட்டணம் 10 டாலர். போகவர இரண்டரை கிலோமீட்டர் நடை, நிழல் மிகக் குறைவு. வெயில் சாய்ந்த பிறகு போங்கள். முழங்கால்காரர் முடிந்த தூரம் நடக்கட்டும்.

கேள்வி: டெம்பியில் முதுகலை படிக்கிறேன். கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. தனியாக ஆன்டிலோப் போய்வர முடியுமா?
– வாசகி, டெம்பி, அரிசோனா

பதில்: முடியும். ஆனால் பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள். ஃபீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வரை ஷட்டில் வண்டிகள் தாராளமாக ஓடுகின்றன. அங்கிருந்து பேஜுக்கு 215 கிலோமீட்டர் இருக்கிறது. சிக்கல் அந்தத் துண்டில்தான். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து கூட்டிப்போகும் ஒருநாள் டூரில் சேர்வது ஒரு வழி. வேகஸ் பஸ்ஸைத் திட்டிய நான் இதைச் சொல்லலாமா என்றால், தூரம் பாதி, அதனால் சொல்லலாம்.

இன்னொரு வழி, பேஜில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. ஃபீனிக்ஸிலிருந்து சிறிய விமானம் வந்துபோகிறது. இறங்கிய பிறகு ஆப்பில் டாக்ஸி வரும் என்று எண்ண வேண்டாம். விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போகும் ஹோட்டலாகப் பார்த்து அறை போடுங்கள். டூர் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில நிறுவனங்கள் நெடுஞ்சாலை 98-இல் இருக்கும் பூங்கா வாசலுக்கு வரச் சொல்வார்கள். சிலர் பேஜ் ஊருக்குள்ளேயே அலுவலகம் வைத்து, அங்கிருந்து தங்கள் வண்டியில் மேல் பள்ளத்தாக்குக்கு ஏற்றிப்போவார்கள். உங்களுக்கு இரண்டாவது வகைதான் சரி. ஹோட்டலிலிருந்து நடந்தே போய்விடலாம், பையையும் அறையிலேயே விடலாம்.

நாலு நண்பர்கள் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால் எல்லாவற்றையும் விட மலிவு. ஆனால் ஓட்டுபவருக்கு 25 வயது ஆகவில்லை என்றால் நாள் கணக்கில் கூடுதல் கட்டணம் போடுவார்கள். அதையும் சேர்த்துப் பங்கு பிரியுங்கள்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு லாஸ் வேகஸ் இறங்கி, வாடகைக் காரில் ஆன்டிலோப் போகத் திட்டம். பாலைவனம் என்பதால் ஃபோர் வீல் டிரைவ் எடுக்க வேண்டுமா? நம் லைசென்ஸ் செல்லுமா?
– வாசகர், அண்ணாநகர், சென்னை

பதில்: ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. வேகஸிலிருந்து பேஜ் வரை தார்ச் சாலைதான், சாதாரண செடான் போதும். மண் சாலையில் இறங்கினால் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடு கிடையாது. பெரிய வண்டி எடுத்தாலும் இதே கதைதான். பிரைஸ் கேன்யனையும் சேர்த்துப் போனால் போன் மேப் உங்களுக்குக் காட்டன்வுட் கேன்யன் சாலையைக் குறுக்கு வழியாகக் காட்டலாம். போகாதீர்கள். அது களிமண் பாதை. மழையோ பனியோ பெய்தால் சக்கரம் புதைந்துவிடும், போனில் சிக்னலும் இருக்காது. கனாப் சுற்றியே வாருங்கள்.

நம் லைசென்ஸில் ஆங்கிலத்தில் விவரம் இருப்பதால் வாடகை நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். இருந்தாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய். ஓர் ஆண்டுக்குச் செல்லும். வழியில் போலீஸ் நிறுத்தினால் பேச்சு சுருக்கமாக முடியும். வண்டி எடுப்பவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், மனைவி கார்டு என்று நீட்டினால் தர மாட்டார்கள்.

பெட்ரோல் பங்கில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரம் கார்டை வாங்கிக்கொண்டு ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு கேட்கும். நம் பின்கோடு ஆறு இலக்கம். அங்கேயே திணறி நிற்காமல் கடைக்குள் போய், பம்ப் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டுங்கள். மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் டிசம்பரில் முக்கியம்: கடிகாரம். அரிசோனா கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதில்லை. நெவாடாவும் யூட்டாவும் நவஹோ நிலமும் தள்ளி வைக்கின்றன. அதனால் கோடையில் வேகஸும் பேஜும் ஒரே மணி. யூட்டாவும் நவஹோ நிலமும் ஒரு மணி முன்னால். பள்ளத்தாக்கு நவஹோ நிலத்தில் இருந்தாலும் டூர்காரர்கள் பேஜ் நேரத்தில்தான் நடத்துகிறார்கள். கோடையில் போன் குழம்பிப்போய் நவஹோ நேரத்தைக் காட்டினால், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வெயிலில் நிற்பீர்கள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் அப்படி இல்லை: பேஜ் வேகஸை விட ஒரு மணி முன்னால் போய்விடுகிறது. வேகஸ் கடிகாரத்தை நம்பி ஓட்டி வருபவர் டூரையே தவறவிடுவார். பேஜில் காலை 10 மணி டூர் என்றால், அரை மணி முன்னதாக நிற்க வேண்டிய கணக்கையும் சேர்த்து, வேகஸிலிருந்து அதிகாலை நாலு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த இருட்டில், உறைபனி பிடித்த சாலையில் ஓட்டுவது வீண் வம்பு. முந்தின நாள் மதியமே கிளம்பி கனாபிலோ பேஜிலோ படுத்துக்கொள்ளுங்கள்; டிசம்பரில் இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான்.