களைக்கொல்லிக்கு அஞ்சாத களைகள்

உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள வயல்வரப்புகளிலும் பாதையோரங்களிலும் கேழ்வரகைப் போன்ற கதிர் விடும் ஒரு புல்லைப் பார்த்திருப்பீர்கள். எலூசின் இண்டிகா என்பது அதன் அறிவியல் பெயர். கேழ்வரகுக்கு நெருங்கிய உறவு. ஒரு செடியே பல ஆயிரம் விதைகளைக் கொட்டும்.

மலேசியாவின் எண்ணெய்ப்பனை, பழத் தோட்டங்களில் இதை ஒழிக்க கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை அடிக்கடி தெளித்தார்கள். 1997-இல் அங்கே இப்புல் அம்மருந்துக்குச் சாகாமல் நிற்பது தெரியவந்தது. ஏன்?

தாவரம் சில அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்கிறது. அதற்கு இபிஎஸ்பி சிந்தேஸ் என்ற நொதி தேவை. கிளைபோசேட் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. மலேசியப் புல்லில் அந்த நொதியின் 106-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதிலாகச் செரின் இருந்தது. பூட்டின் உள்ளமைப்பு சற்று மாறினால் பழைய சாவி சரியாகப் பொருந்தாது அல்லவா? அதுபோலத்தான்.

நம் நாட்டிலும் இது நடந்தது. அரியானாவின் கோதுமை வயல்களில் பலாரிஸ் மைனர் என்ற களை, 1990-களின் தொடக்கத்தில் ஐசோபுரோட்டுரான் மருந்தை வென்றது. இது மருந்தை வேகமாகச் சிதைத்துச் செயலிழக்கச் செய்தது. சில உழவர்கள் முற்றாத கோதுமையையே தீவனமாக அறுக்க நேர்ந்தது. ஓர் ஆண்டு உழைப்பு மாட்டுக்குப் போயிற்று!

மருந்துதான் களையை இப்படி மாற்றியதா? இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். 100 உளுந்தையும் 1 பச்சைப்பயறையும் தட்டில் இடுங்கள். உளுந்து சாதாரணக் களை. பயறு மருந்துக்குச் சாகாதது. தெளிப்பு என்பது உளுந்தில் பத்துக்கு ஒன்பதை நீக்குவது. மீதி 10 உளுந்து, 1 பயறு. தப்பிய ஒவ்வொன்றும் பத்தாகப் பெருகட்டும்: 100 உளுந்து, 10 பயறு. இரண்டாம் தெளிப்புக்குப் பின் 100, 100. மூன்றாவதில் 100 உளுந்து, 1000 பயறு! மருந்து புதிதாக எதையும் படைக்கவில்லை. முன்பே இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. உண்மை நிலத்தில் மண்ணுள் உறங்கும் பழைய விதைகளால் இது தாமதமாகலாம், போக்கு மாறாது.

இப்போது 100, 10 என்ற நிலையிலிருந்து வேறு வழியில் போவோம். தெளித்தபின் 10 உளுந்து, 10 பயறு. அவை விதைக்குமுன் களைக்கொத்தால் இரண்டிலும் பத்துக்கு ஒன்பதை நீக்குங்கள். மிஞ்சுவது ஒவ்வொன்றிலும் ஒன்றே. பெருகினாலும் பத்துப் பத்துதான். களைக்கொத்துக்கு இரண்டும் ஒன்றுதானே!

ஆகவே தோட்டக்காரர் செய்ய வேண்டியவை இவை: தப்பிய செடிகளை விதைக்குமுன் அகற்றுதல்; வேறுவேறு முறையில் செயல்படும் மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல்; பரிந்துரைத்த அளவைக் குறைக்காதிருத்தல்; மரங்களுக்கிடையே பயறினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணை மூடுதல்; கருவிகளில் ஒட்டிய விதைகளைக் கழுவுதல்.

ஓராண்டு மருந்தும் மறு ஆண்டு களைக்கொத்துமாக மாறி மாறிச் செய்தால், பயறு ஆயிரமாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? உளுந்தை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.